நூல் பிடித்த கேமரா

கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் திருவிழாவில் நான் பாடப் போயிருந்தபோது, படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். உப்புக்காற்றில் செம்பட்டையான தலைமுடி, வெறுங்கால். மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கேமராவின் அடியில் கட்டி, மறுமுனையைக் கால் பெருவிரலில் சுற்றி, விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். தூண்டில் போட்டுக் காத்திருப்பவர் போலவே இருந்தது. மேடையில் மங்கலான நீல விளக்கு மட்டும்தான்.

மூன்றாவது பாட்டில் சரணத்தின் வரி எனக்கு மறந்துவிட்டது. அப்படியே நின்றேன். வயலினும் நின்றது. பிறகு எப்படியோ சொல் வந்து சேர்ந்தது.

கச்சேரி முடிந்ததும், “ஸ்டாண்டு இல்லியா?” என்று அவரிடம் கேட்டேன்.

“கூட்டத்துல எங்க வைக்க பாட்டு டீச்சரே? இந்த வெளிச்சத்துல கை ஆடுனா படம் போச்சு. நூலு கைய அடக்கிரும். பாடுறவங்க ஆடுனா நூலு என்ன செய்யும்? அதான் காத்துக் கெடந்தேன்.”

கேமராவைக் காட்டினார். அத்தனை படங்களிலும் என் முகம் கலங்கியிருந்தது, ஒன்றைத் தவிர. அதில் வாய் லேசாகத் திறந்து, எதையோ கேட்பதுபோல் நின்றிருந்தேன்.

எனக்கு முகம் சுட்டது. “அது வரி மறந்து நின்ன எடமாக்கும்.”

“மறந்துதா?” அவர் நம்பவில்லை. “கடலக் கேக்கதுக்கு நிறுத்துனீங்கன்னுல்லா நெனச்சேன்.”

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கடல் கேட்காத வடசேரி மண்டபத்திலும், அந்த வரிக்கு முன்னால் இப்போது நின்றுவிடுகிறேன். வயலின்காரர் ஒவ்வொரு முறையும் பதறிப்போய் என்னைப் பார்க்கிறார்.