சுவர் வழியாக வந்த மணி

அந்த ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டும் கொள்கிற இடத்தில், அவர் பல வருடங்களாக உட்கார்ந்திருந்தார். கடையில் வாங்கிய பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சட்டைக் கையை ஏற்றுவது, இதுதான் வேலை. யார் எவ்வளவு குறைக்கச் சொன்னாலும் போட்டுக்கொண்டு நேராக நிற்கச் சொல்வார். சுற்றி வந்து பார்ப்பார். "அரை இன்ச் போதும்" என்பார். அதனால் கடையில் அவருக்கு அரை இன்ச் என்றே பெயர். முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான்.

லிஃப்ட் பழையது. கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு லிஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பார், இவரைவிடப் பல வயது இளையவர். ஆள் கூடிப்போனால் உச்சியில் ஒரு மணி கிர்ரென்று அடிக்கும். கடைசியாக ஏறியவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவார். "இறங்கினவங்களுக்கு ஒரு பட்டன் இலவசம்" என்று மெஷினிலிருந்து தலை தூக்காமலே சொல்வார் அரை இன்ச். உள்ளிருந்து லிஃப்ட்காரர், "அண்ணே, அப்ப எல்லாருமே இறங்கிடுவாங்க" என்பார். ஒரு நாளில் பலமுறை சொன்னாலும் இருவருக்கும் அது சலித்ததில்லை.

ஒரு மாலை, கூட்ட நேரத்தில், மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பியதும் அந்த லிஃப்ட் அறுந்து விழுந்தது. ஒரு தாயும் மகளும் இறந்துபோனார்கள். லிஃப்ட்காரருக்குத் தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரிக்கும் முன்பே அவரைக் கைது செய்தார்கள்.

வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நின்றது. லிஃப்ட் கிளம்பும் முன் மணி அடித்ததா, இல்லையா? அடித்திருந்தால், அதைப் பொருட்படுத்தாமல் கதவைச் சாத்திய லிஃப்ட்காரர் சிறைக்குப் போவார். அடிக்கவில்லையென்றால் மணி பழுது. பழுது பார்க்காத முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். மணிக்கு மிக அருகில் இருந்த காது அரை இன்ச்சுடையது. அன்றே போலீஸிடம் சொல்லிவிட்டார்: மணி அடிக்கவில்லை. ஒரு பழுப்பு பேண்ட்டின் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன், கம்பிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நீதிமன்றத்துக்குள் டிவி கேமராவை விடலாமா என்று அப்போது ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. விட்டுப் பார்ப்போம் என்று முதலில் விட்ட வழக்கு இதுதான். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, கேமராவின் பக்கம்.

"மூடுன கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும், மாமா? உங்க முதலாளி பெரிய வக்கீலை வச்சு ஏழையை அமுக்கிடுவாரு. இப்ப ஊரு பாக்குதில்ல, அமுக்கட்டும் பாப்போம்."

"செத்துப்போன பொண்ணோட அப்பா அங்க அழுவாரே, அதையும் ஊரு பாக்கணுமாடா?" என்றாள் அவன் அக்கா.

"நீ தினமும் சீரியல்ல அழறவங்களைப் பாக்கல?"

"அவங்க காசு வாங்கிட்டு அழறாங்க."

அரை இன்ச்சுக்கு மச்சினன் சொன்னதுதான் சரியென்று பட்டது. விபத்து நடந்த மறுநாளே முதலாளி லிஃப்ட் வாசலைப் பலகை வைத்து அடைத்து, அதன் மேல் தள்ளுபடி விளம்பரத்தை ஒட்டியதை அவர் பார்த்திருந்தார். எல்லாவற்றையும் மறைக்கிற ஆட்கள். கேமரா இருக்கட்டும்.

லிஃப்ட்காரருக்காக வாதாடிய வக்கீல் ஓர் இளம்பெண். அவள் அரை இன்ச்சைக் கூப்பிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். ஒரு சாட்சி பேசுவதை அடுத்த சாட்சி கேட்கக்கூடாது. கேட்டால் அவர் மனதில் இருப்பது கலங்கிவிடும். அதனால்தான் சாட்சிகளை வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைக்கிறார்கள்.

"தாழ்வாரத்துல உக்கார வைக்க எங்களால முடியும். உங்க வீட்டு டிவியை எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க முறை வர்ற வரைக்கும் பாக்காதீங்க சார். யார்கிட்டயும் பேசாதீங்க. நம்ம கேஸே உங்க காதுலதான் இருக்கு."

அதிலிருந்துதான் அவர் நிம்மதி போனது.

மனைவி டிவியின் மேல் போர்வையைப் போட்டாள். மச்சினன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. டிவி ஓடுகிற டீக்கடையைத் தவிர்க்க, அரை இன்ச் இரண்டு தெரு சுற்றிக் கடைக்குப் போனார். முடிவெட்டும் கடையில் வாசலிலேயே நின்று, "டிவியை நிறுத்தினாதான் உள்ள வருவேன்" என்றார். முடிவெட்டுகிறவர் நிறுத்தினார். "கண்ணை மூடிக்குங்க, காதை மூடிக்குங்க. முடியை மட்டும் நான் பாத்துக்குறேன்" என்றார். ஆனால் காத்திருந்த இருவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

கடையில் பில் போடும் அக்கா மூன்றாவது மாடிக்கு வருவதை நிறுத்தினாள். முன்பெல்லாம் மத்தியானம் அவருடைய ஸ்டூலைப் பிடுங்கி உட்கார்ந்து கதை பேசுவாள். அவளும் ஒரு சாட்சி, முந்தைய வாரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள். ஏன் கண்ணைத் திருப்பிக்கொள்கிறாள்? அவள் என்ன சொன்னாள்? கேட்கவும் கூடாது. ஒரு சுடிதாரின் கையை அன்று அரை இன்ச் தலைகீழாக வைத்துத் தைத்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

பிறகு அந்த மணி வந்தது.

மாலை நேரம். அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம்; அவர் டிவியை வைக்கிற சத்தத்தில் இந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டிய காலண்டர் அதிரும். அதற்காகவே அரை இன்ச் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். குளிப்பதற்காக எடுத்திருந்தார். கிர்ரென்று ஒரு சத்தம். கையிலிருந்த துண்டு நின்றது. எந்த மணி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இடிபாட்டிலிருந்து எடுத்த மணியை ஒரு இன்ஜினீயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்து அடித்துக் காட்டியிருக்கிறார். நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று காட்டினாரா, தாமதமாக அடிக்கிறது என்று காட்டினாரா, அதெல்லாம் அரை இன்ச்சுக்குத் தெரியாது. சுவர் வழியாக வந்தது மணி மட்டும்தான். அதை அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். செய்தியில் போட்டார்கள், விவாதத்தில் போட்டார்கள், விளம்பரம் முடிந்ததும் போட்டார்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகள் கிர்ரென்று கத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். பஸ்ஸில் ஒருவருடைய போன் அதே சத்தத்தில் அடித்தது. அரை இன்ச் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார்.

நடந்துகொண்டே அந்த மாலையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். பழுப்பு பேண்ட். கம்பிக் கதவு. மணி.

நின்றார். மறுபடி ஆரம்பித்தார். பழுப்பு பேண்ட், கதவு, மணி, மூட்டை விழுந்த சத்தம்.

முன்பு அங்கே ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவர் போலீஸிடம் சொன்னார். இப்போது அந்த இடத்தில் மணி உட்கார்ந்திருந்தது. வேறொருவர் போட்ட தையலை எந்தத் துணியிலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இதில் விரல் வைக்க இடமில்லை. அன்றைக்கே அடித்திருந்து, பயத்தில் நாம்தான் மறந்துவிட்டோமோ என்றுகூட நினைப்பு ஓடியது.

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தைய நாள் லிஃப்ட்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பலகை அடித்த லிஃப்ட் வாசலைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றாள்.

"அன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்கண்ணே. அது போதும். புதுசா ஒண்ணும் வேணாம்."

"சரிம்மா" என்றார்.

நினைவில் மணி புகுந்துவிட்டதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடிக்கலைன்னு சொல்லிட்டு வாங்க. முதல்ல அப்படித்தானே சொன்னீங்க? அதுல என்ன பொய் இருக்கு?"

"முதல்ல தெரிஞ்சு சொன்னேன். இப்ப மனப்பாடமா சொல்லணும்."

"துணியிலதான் அரை இன்ச் பாப்பீங்க. ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்போதுமா?"

அவர் எழுந்து கை கழுவினார். கழுவிய கையை மறுபடி கழுவினார்.

தாழ்வாரத்து பெஞ்சு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கதவு கனமானது, வக்கீல் சொன்னபடி உள்ளே பேசுவது ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. இவ்வளவு நல்ல கதவை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். உட்கார முடியாமல் எழுந்து ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தார். காவலர், "உக்காருங்க பெரியவரே, உங்களையா உள்ள போடப்போறாங்க?" என்றார்.

கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினார். எதிர்ச் சுவரில் கேமரா. அதில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். லிஃப்ட்காரர் ஒரு பக்கம் நின்றார். சட்டை அவர் மேல் தொங்கியது. தோளில் இரண்டு இன்ச் பிடிக்கலாம் என்று அரை இன்ச்சின் கண் தானாக அளந்தது.

"அன்று லிஃப்ட் கிளம்பும் முன் மணி அடித்ததா?" என்று கேட்டாள் இளம் வக்கீல். குரலில் சந்தேகமே இல்லை.

"அடிக்கலைன்னு அன்னிக்கு போலீஸ்ல சொன்னேன்மா. அன்னிக்கு எனக்கு அது நல்லாத் தெரியும்."

"இன்றைக்கும் அதுதானே உங்கள் சாட்சியம்?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு அடிக்குதும்மா."

யாரோ இருமினார்கள். வக்கீல் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தாள். அரசு வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்படியென்றால் மணி அடித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்க முடியாதுங்க. இது அந்த மணியான்னு எனக்கே தெரியல. சுவர் வழியா வந்து உள்ள பூந்துக்கிச்சு. இப்ப எது அன்னிக்கு உள்ளது, எது பக்கத்து வீட்டுலேர்ந்து வந்ததுன்னு என்னால பிரிக்க முடியல."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். அந்த அம்மாவுக்கு நரைத்த தலை, மெல்லிய குரல். "டிவி பார்க்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னாங்கம்மா. நான் பாக்கல. ஊரு பாத்துச்சு."

லிஃப்ட்காரரின் மனைவி பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அரை இன்ச் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இறங்கி வெளியே வந்தபோது இளம் வக்கீல் அவரைத் தாண்டி வேகமாகப் போனாள்.

தீர்ப்பு வரும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை. மனைவி பேசினாள், ஆனால் "என்னங்க" இல்லாமல் பேசினாள். அவர் பேசியது டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. கேமரா வேண்டாம் என்றவர்கள் அதைப் போட்டுக்காட்டி, பாருங்கள், நல்ல சாட்சியைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். வேண்டும் என்றவர்களும் அதையே போட்டு, கேமரா இல்லாவிட்டால் இப்படி ஒரு மனிதரை நாம் பார்த்திருப்போமா என்றார்கள். மச்சினன் வந்து போர்வையை டிவியிலிருந்து எடுத்து மடித்து வைத்தான்.

"இப்ப நீங்க எந்தப் பக்கம் மாமா?"

"எந்தப் பக்கமும் சுவர் மெல்லிசா இருக்கு மாப்ளே."

தீர்ப்பில் நீதிபதி அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தார். இந்தச் சாட்சியின் நினைவு கெட்டுப்போனதற்கு இந்த நீதிமன்றத்தில் ஒலித்த மணியே காரணம். நீதிமன்றம் செய்த கெடுதலின் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் ஏற்ற முடியாது. பில் போடும் பெண் மணியைக் கேட்டதாகச் சொன்னாலும், சந்தேகம் தீரவில்லை. ஆகவே விடுதலை. இனி எல்லாச் சாட்சிகளும் பேசி முடிக்கும்வரை எதையும் ஒளிபரப்பக் கூடாது. கேமராவை எடுத்துவிடச் சொல்லவில்லை.

பில் போடும் அக்கா என்ன சொன்னாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் அவள் மூன்றாவது மாடிக்கு வந்தாள். "நான் பொய் சொல்லலண்ணே" என்றாள். "தெரியும்மா" என்று ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.

சில வாரம் கழித்து லிஃப்ட்காரர் வந்தார். கையில் இரண்டு பேண்ட்.

"இடுப்பு நிக்க மாட்டேங்குதுண்ணே. வேற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பிடிச்சுக் குடுங்க."

போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். சுற்றி வந்தார். ஊசிகளைக் குத்தினார். அரை இன்ச் போதாது. நிறையவே பிடிக்க வேண்டியிருந்தது. மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்தார். நூல் ஊசிக் காதில் நுழையவில்லை. வெட்டி மறுபடி கோத்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப கேஸு முடிஞ்சுபோச்சு. என்கிட்ட சொன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு மணி அடிச்சுதாப்பா?"

லிஃப்ட்காரர் பலகை அடித்த வாசலைப் பார்த்தார். தள்ளுபடி விளம்பரத்தின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. அதைத் தட்டி ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை.

"கோர்ட்ல அதை அடிச்சுக் காட்டினப்ப நானும் அங்கதாண்ணே நின்னேன்" என்றார். "அதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்குத் தெரியும்."

அரை இன்ச் பெடலை மிதித்தார். மெஷின் ஓடியது. முடித்துக் கொடுத்த பேண்ட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் படியை நோக்கி நடந்தார். பாதி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, பட்டன்?" என்றார்.

"இறங்கிட்டல்ல, வாங்கிக்க" என்று ஒன்றை எடுத்துக் கீழே எறிந்தார்.

அவர் பிடித்துக்கொண்டார். கீழே செருப்புச் சத்தம் மறைந்ததும் அரை இன்ச் அடுத்த துணியை எடுத்தார். பழுப்பு நிறம். அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.