ஈயம் உருக்கிய மாதங்கள்

பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்குப் பூச ஹட்டனில் ஒரு டின் பெயின்ட் வாங்கினோம். மகன் மூடியைத் திறப்பதற்குள் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டேன். அளவுக்கு மேல் ஈயம் சேர்க்கவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாம்மா, டின்ன பாத்து சிரிக்கிறீங்க?"

சொன்னால் நீளும் என்று அவனிடம் விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் உட்கார்ந்து கேட்கிற ஆள்.

ஈயத்தைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். தூக்கினால் கை தானாகக் கீழே போகும். ஆனால் கத்தியை வைத்து அழுத்தினால் வெட்டுப்படும். வெட்டின இடம் வெள்ளி மாதிரி பளபளக்கும், கொஞ்ச நாளில் சாம்பல் பூத்துவிடும். காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி கோடு விழும். இவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு மெத்தென்று இருப்பது எனக்கு அந்த வயதில் பெரிய அதிசயம். பத்தொன்பது வயது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, கரண்டு வரவில்லை. ஆனால் டீவி வந்துவிட்டது! கார் பெட்ரியில் வயரை மாட்டிப் படம் பார்ப்போம். பெட்ரி இறங்கினால் டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். இரண்டு வருடத்தில் அது செத்துப்போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதைக் காம்பரா என்போம்; செத்த பெட்ரிகள் ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்னால் கிடக்கும்; அவற்றின் மேல் உட்கார்ந்து துணி துவைப்பவர்களும் உண்டு.

பக்கத்துக் காம்பரா தெய்வானை அக்காவுடையது. அவள் புருஷன் சிவலிங்கம் அண்ணன் வேலை முடிந்ததும் நீர்த்தேக்கத்தில் வலை வீசப் போவார். ஒரு நாள் தண்ணீருக்குள் கிடந்த மரக்கட்டையில் வலை சிக்கி, ஓரத்தில் கோத்திருந்த ஈயக்குண்டுகளில் பாதி அறுந்துபோயின. அண்ணன் முகம் தொங்கிப்போனது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் இரும்புக்கடைக்குப் போனாள்.

"குண்டு முடிஞ்சிருச்சும்மா. இனி எப்ப வருமோ தெரியாது," என்றார் நானா. பிறகு விளையாட்டாக, "ஒங்க லயத்து பின்னால கெடக்குதே செத்த பெட்ரி, அதுக்குள்ள பூரா ஈயம்தானே ஈக்கிது," என்றார்.

அவர் சொன்னது விளையாட்டு. அக்காவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பஸ் ஏறுவதற்குள்ளேயே, "ஏ புள்ள, கோடாலி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரியை உடைத்தோம். உள்ளே இருந்த அமிலத்தை அப்படியே சாக்கடைக் கானில் ஊற்றினோம். என் பாவாடையில் தெறித்தது தெரியவில்லை. துவைத்து எடுத்தபோது சல்லடையாக வந்தது. கறுப்புத் தகடுகளைப் பழைய இரும்புச் சட்டியில் போட்டு விறகை மூட்டினோம். இரும்பு உருகுவதற்கு உலை வேண்டும். ஈயத்துக்குச் சோறு வடிக்கிற அடுப்பே போதும். கொஞ்ச நேரத்தில் தகடுகள் சாய்ந்தன. மேலே திரண்ட சாம்பலை அக்கா அகப்பையால் ஒதுக்கினாள். அடியில் கண்ணாடி! அந்தச் சட்டிக்குள் என் முகமும் அக்காவின் முகமும் வானமும் தெரிந்தன. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் லயமே வெளியே வந்துவிட்டது.

செங்கல்லில் பள்ளம் தோண்டி, நடுவில் ஓட்டை விழ ஆணி வைத்து ஊற்றினோம். முதல் செங்கல் மழையில் நனைந்திருந்தது. ஈரத்தில் ஈயம் பட்டதும் பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறியது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்பவர்களிடம் எண்ணெய் தெறித்தது என்றுதான் சொல்லுவேன். இரண்டாவது செங்கல் காய்ந்தது. அதிலிருந்து விழுந்த குண்டை அக்கா சூட்டோடு சூடாக முந்தானையில் ஏந்திக்கொண்டு ஓடினாள். "இந்தாங்க, வலையில கோத்துக்கோங்க!"

அதன் பிறகு வலை வைத்திருந்த எல்லோரும் எங்களிடம் வந்தார்கள். ஐந்தாறு மாதம், வேலை விட்டு வந்தால் அடுப்புத்தான். கொழுந்து பறிக்கிற கைக்கு வேறொன்றும் செய்யத் தெரியும் என்ற பெருமை எங்களை ஓரடி உயர்த்திவிட்டது. அக்காவின் மகள் கவிதாவுக்கு மூன்று வயது. அடுப்போரத்தில் குண்டுகளை உருட்டி விளையாடுவாள், வாயில் போடுவாள். யாராவது அதட்டினால் அக்கா, "பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசித்தானே சாப்பிடுறோம்? அது என்னா செய்யும்?" என்பாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகு கவிதாவுக்கு வயிற்றுவலி வந்தது. வெளிக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு அழுவாள். பிள்ளை வெளுத்துப்போனாள், எதற்கெடுத்தாலும் எரிச்சல். தோட்டத்தில் வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஒரு காலையில் அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் நானும் கூட ஓடினேன்.

டாக்டர் இளவயசுக்காரர். பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அக்காவின் கீழுதட்டை இழுத்து டார்ச் அடித்தார்.

"புள்ளைக்குத்தானே வருத்தம், எதுக்கு என் வாயப் பாக்குறாரு?" என்று அக்கா என்னிடம் குழறினாள். நானும் எட்டிப் பார்த்தேன். பல்லுக்குக் கீழே ஈறில், மையால் இழுத்த மாதிரி ஒரு நீலக்கோடு.

"கெதர ஈயம் உணு கரனவத?" என்றார் டாக்டர்.

வீட்டில் ஈயம் உருக்குகிறீர்களா என்று கேட்கிறார். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ஈயம் என்ற சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். அக்காவின் முகம் அந்த ஒரு சொல்லிலேயே விழுந்துவிட்டது.

அக்கா பித்தளைச் சட்டிக் கதையை எடுத்தாள். அவர் பொறுமையாகச் சொன்னார். பாத்திரத்துக்குப் பூசுவது வேறு உலோகம். பெட்ரியில் இருப்பது நஞ்சு. புகையிலும் சாம்பலிலும் ஏறி இரத்தத்தில் கலக்கும், எலும்பில் போய்த் தங்கும், பிள்ளைகளின் மூளையைத் தொடும். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், நாங்கள் உருக்கியது காரீயம். தமிழில் இரண்டையும் வெறும் ஈயம் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். அந்த ஒரு சொல்லை நம்பி அடுப்பு மூட்டியிருந்தோம்.

கவிதாவைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிவலிங்கம் அண்ணன் கூடப் போனார். அக்கா போகவில்லை. "மத்த லயத்துலயும் மூணு வீட்டுல உருக்குறாங்க புள்ள. நம்மளப் பாத்துத்தானே?" என்றாள்.

மறுநாள் காலைப் பெரட்டு. வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் களத்தில் கூடியிருந்தோம். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா நிற்கிற கல்லில் ஏறினாள். உதட்டை இரண்டு விரலால் கீழே இழுத்துக் காட்டினாள்.

"எல்லாரும் வந்து என் ஈறப் பாருங்க! பெட்ரிய உருக்குனதுக்கு வந்தது இது. என் புள்ள கண்டியில கெடக்குறா. இனி எவ வீட்டுலயாச்சும் அடுப்பு எரிஞ்சா நான் வந்து சட்டியோட தண்ணிக் கான்ல போடுவேன்!"

"வாய மூடு தெய்வான, கொழுந்துக்கு நேரமாச்சு," என்றார் கங்காணி.

யாரும் கொழுந்துக்குக் கிளம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போய் அவள் வாயைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் வெற்றிலைக் கறை. எது நீலம், எது சிவப்பு என்று தெரியாமல் ஒரே கூச்சல். கடைசியில் கங்காணியும் திரும்பி நின்று, "ஏய், எனக்கும் ஒருக்கா பாருடி," என்றார். அன்று சாயங்காலமே மூன்று வீட்டு அடுப்பும் அணைந்தது. ஈயச் சாம்பல் கலந்த எங்கள் அடுப்பங்கரை மண்ணை வெட்டி மூட்டையில் கட்டி, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தோம்.

கவிதா பிழைத்து வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு மூன்று வருடம் அதிகம் பிடித்தது. முதன்முதலாக ஒரு வரியைத் தடுமாறாமல் வாசித்த நாளில் அக்கா லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள். இன்று கவிதா வலப்பனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அக்காவும் அவளோடுதான்.

லயத்துக்குக் கரண்டு வந்தது. பெட்ரிகள் போயின. பிறகு லயமும் போய், தனி வீடுகள் வந்தன. இப்போது தேயிலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவரவர் மலைக்கு அவரவர் நேரத்தில் போகிறார்கள்; பெரட்டு கிடையாது. செய்தி எல்லாம் போனில் வருகிறது, பாதியை நான் திறப்பதே இல்லை. போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பெரட்டுக்களத்தில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. இன்று ஒருத்திக்கு இருநூறு பேரிடம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து காட்டவேண்டி வந்தால், அவள் எங்கே போய் நிற்பாள்?