பிரெய்ரி எட்டு மார்லிஸ்

மார்லிஸ் டீடமன் அழித்துக்கொண்டிருக்கிறாள். மேஜையையே மூடிவிடும் அளவுக்கு ஓர் அட்டை. வரப்போகும் குளிர்காலத்தின் கூடைப்பந்து ஆட்டங்கள் அதில் கட்டம் கட்டமாகப் பென்சிலில் இருக்கின்றன. ஒரு கல்லூரியின் அரங்கில் அன்றைக்குப் பாட்டுக் கச்சேரியாம், வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மாற்ற வேண்டுமாம். ஒன்றை நகர்த்தினால் அதன் பின்னாலேயே பத்து நகரும். ரப்பரைத் தேய்க்கும்போது அவள் உதடுகள் அசைகின்றன. ஜெபம் செய்கிறாள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். திட்டுகிறாள். பாதிரியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்ததால் சத்தம் வராமல் திட்டப் பழகியவள்.

ஹார்ட்விக் ஊரில் விதைச்சோளக் கடைக்கு மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான் ‘பிரெய்ரி எட்டு’ விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைமையகம். நெப்ராஸ்காவிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் உள்ள சின்னச் சின்னக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்காகச் சேர்ந்துகொண்ட கூட்டமைப்பு. இப்போது அதில் இருப்பவை ஆறு. ஆறு இருக்கும்போது ஏன் எட்டு என்று பெயர் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். “எட்டுங்கறது பேரு, கணக்கு இல்ல. எண்ணிப் பார்க்கணும்னா மாட்டுப் பண்ணைக்குப் போங்க” என்பாள். சரியாக எட்டுக் கல்லூரிகள் இருந்தது ஒரே ஒரு பருவம். அப்போது எடுத்த புகைப்படம் சுவரில் தொங்குகிறது. அதிலும் ஒரு கல்லூரித் தலைவர் பாதி திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

போனவர்கள் கதையைக் கேட்டால் கேட்கிறவர்களுக்கே தலை சுற்றும். டன்ஹாம் கல்லூரி மூடியே போனது. அதன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. செத்தவர்களை என்ன சொல்வது? ஸ்டோக்லி கல்லூரி வேறு கூட்டமைப்புக்குப் போய், அங்கே ஓர் ஆட்டமும் ஜெயிக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, வந்த களைப்பு தீர்வதற்குள் மறுபடியும் போனது. மரியன் ஹில் கல்லூரி சேர்ந்த செய்தியும் விலகிய செய்தியும் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்த வாரங்களில் வந்தன. ஆணையர் என்று ஒருவர் இருந்தார். அவரும் வேறு கூட்டமைப்புக்குப் போய்விட்டார். அவருடைய சுழல் நாற்காலியில் மார்லிஸ் இப்போது தன் கோட்டைப் போட்டு வைக்கிறாள்.

கோட்டு பச்சை நிறம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நிறம். எந்த நிறத்தை உடுத்தினாலும் மற்றக் கல்லூரிக்காரர்கள் “ஓஹோ, மார்லிஸ் அந்தப் பக்கமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் வருஷக்கணக்காகச் சாம்பல் நிறத்திலேயே திரிந்தாள். ஸ்டோக்லி இரண்டாம் முறை விலகிய வாரம் கடைக்குப் போய், இனி யாருக்கும் சொந்தமில்லாத அதன் பச்சை நிறத்தில் அந்தக் கோட்டை வாங்கினாள். “போனவங்களால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம்” என்று தடவிக் காட்டுவாள்.

போகிறவர்கள் போகட்டும் என்று விடவும் முடியாது. இங்கே தூரம் அதிகம், பனியும் அதிகம். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்திருக்கிறார்கள். வெளியூர் அணி பேருந்தில் வந்து வெள்ளிக்கிழமை ஒன்றோடு ஆடும். அங்கேயே தங்கி, சனிக்கிழமை அதன் ஜோடியோடு ஆடிவிட்டு ஊர் திரும்பும். ஜோடியில் ஒன்று கழன்றுகொண்டால் மற்றது ஒண்டிக்கட்டை. ஒற்றை ஆட்டத்துக்காகப் பனியில் அத்தனை மைல் வர எந்த அணிக்கும் மனசு வராது. சரி, மிஞ்சிய ஒண்டிக்கட்டைகள் இரண்டையும் ஜோடி சேர்க்கலாம் என்று பார்த்தால், ஒன்று மத வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை ஆடாது. மற்றது அதே போலச் சனிக்கிழமை பொழுது சாயும்வரை ஆடாது, அதன்பின் ஆடினால் வந்த அணி நடுராத்திரிப் பனியில் ஊர் திரும்ப வேண்டும். “நான் நாலு பிள்ளைங்களை வளர்த்தேன். நாலும் சேர்ந்துகூட என்னை இந்தப் பாடு படுத்தல” என்று மார்லிஸ் அட்டையைப் பார்த்துச் சொல்வாள்.

இதற்கெல்லாம் கணினியில் வழி இருக்கிறது என்று ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். பொத்தானை அமுக்கினால் அட்டவணை வந்துவிடும். வந்தது. புதன்கிழமை மாலை எல்க் ஃபோர்டு ஊரில் ஆட்டம் என்று வந்தது. புதன்கிழமை மாலை இந்தப் பக்கத்தில் தேவாலய வகுப்பு. அன்று ஆட்டம் வைத்தால் பார்வையாளர் இருக்கட்டும், நடுவரே வரமாட்டார். “இது எந்த ஊர்ல பொறந்து வளர்ந்துச்சோ” என்று சொல்லி அவள் பெட்டிக்குத் துணி போட்டு மூடினாள். அதன்மேல் இப்போது ஒரு பூந்தொட்டி இருக்கிறது.

விலகப் போகிறவர்களைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். தேதி சரியில்லை, நடுவர் குருடு, பேருந்துக்கு இடமில்லை என்று தொலைபேசியில் கத்துகிறவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள். கத்தக் கத்த அவளுக்கு நிம்மதி. எடுத்த எடுப்பில், “மார்லிஸ், உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது எங்க பாக்கியம்” என்று ஒரு கல்லூரித் தலைவர் ஆரம்பித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

“எப்போலேருந்துன்னு மட்டும் சொல்லுங்க சார்” என்பாள்.

“எதை எப்போலேருந்து?”

“புகழ ஆரம்பிச்சுட்டீங்களே. மூட்டை கட்டியாச்சுன்னு அர்த்தம்.”

ஏழாகி, ஒன்பதாகி, எட்டாகி, மறுபடியும் ஏழாகி, கடைசியில் ஆறில் வந்து நிற்கிறது. இதற்குக் கீழே இறங்க முடியாது. ஆறு கல்லூரிகள் இருந்தால்தான் கூட்டமைப்பில் முதலாவதாக வரும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேராக இடம் உண்டு. ஐந்தானால் அந்த இடம் போய்விடும். அது போனபின் மிச்சமிருப்பவர்கள் எதற்காக இருப்பார்கள்? ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள், பிரெய்ரி எட்டு என்று ஒன்று இருந்தது என்பதோடு கதை முடியும். அது முடியக் கூடாது என்பதைத் தவிர மார்லிஸுக்கு இந்த வயதில் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

அந்த ஆறில் ஒன்று ஹார்ட்விக்கிலேயே இருக்கும் ஹால்வர்சன் கல்லூரி. மார்லிஸ் படித்ததும் கூடைப்பந்து ஆடியதும் அங்கேதான். அவளுடைய தம்பி டுவேன் க்ரோகர்தான் அங்கே விளையாட்டு இயக்குநர். மற்ற ஐந்தைப் பற்றியும் அவளுக்குக் கவலை உண்டு. ஹால்வர்சனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து டுவேன் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆனபிறகு, ரூபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பு, ரூபார்ப் பை, வந்தது. சின்ன வயதிலிருந்து அதைப் புளிப்பு என்று தள்ளி வைப்பவன் அன்று ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“அக்கா, இந்த மாதிரி பை செய்ய இந்த ஜில்லாவுலேயே ஆள் கிடையாது” என்றான்.

மார்லிஸின் முள்கரண்டி பாதியில் நின்றது.

“புளிக்குதே” என்றான் அவள் கணவன் ஆரின், சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

“டேய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள் மார்லிஸ் தம்பியிடம்.

“நல்லாயிருக்குன்னு சொன்னா குத்தமா?”

“நீ சொன்னா குத்தம்தான்.”

டுவேன் சிரித்தான். தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டான். துண்டை வைத்த மார்லிஸ் அதன்பின் தன் தட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவள் அலுவலகத்தைத் திறக்கவில்லை. நேராக ஹால்வர்சன் அரங்குக்குப் போனாள். மாணவர்கள் இல்லாத கோடையில் மரத்தரையைச் சுரண்டி, கோடுகளையும் பெயரையும் புதிதாக வரைந்து வார்னிஷ் அடிப்பது எல்லாக் கல்லூரியிலும் வழக்கம். தரையின் இரண்டு பக்கமும் வட்டத்துக்குள் கூட்டமைப்பின் சின்னமும் இருக்கும். பிரெய்ரி எட்டுக்கு அது எட்டுக் கோதுமைக் கதிர்.

தரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. கோடுகள் நேராக இருந்தன. கல்லூரியின் பெயர் சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. வட்டங்களும் இருந்தன. உள்ளே கதிர்கள் இல்லை. வெறும் மரம்.

கதவருகே காபிக் கோப்பையோடு நின்றிருந்த டுவேன் அக்காவைப் பார்த்ததும் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான்.

“இது என்னடா?”

“பெயின்ட் தீர்ந்துபோச்சு அக்கா. அடுத்த வாரம் வந்து...”

“கோடு போட இருந்துச்சு. பேரெழுத இருந்துச்சு. எட்டுக் கதிருக்கு மட்டும் தீர்ந்துபோச்சு.”

அவன் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தான்.

“யாரு, பிளஃப் கன்ட்ரிக்காரங்களா?” அது மூன்று பெரிய ஊர்களில் பரவிக் கிடக்கும் பணக்காரக் கூட்டமைப்பு.

“கையெழுத்து ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை அறிவிக்கறாங்க. சொல்லணும்னுதான் நேத்து வந்தேன்.”

“வந்து பையைத் தின்னுட்டுப் போனே.”

“தைரியம் வரலக்கா. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியல.” கோப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். “நம்ம கல்லூரியில சேர பிள்ளைங்க வர்றதில்ல. நாம எங்க இருக்கோம்னே ஒருத்தனுக்கும் தெரியல. பெரிய ஊர்ல போய் ஆடினா நாலு பேரு பேரைக் கேப்பாங்க. இல்லேன்னா டன்ஹாம் மாதிரி நாமளும் பூட்டைத் தொங்கவிட வேண்டியதுதான்.”

“செயின்ட் வில்லிப்ரார்டை என்ன பண்ணப் போறே? உன் ஜோடிடா அது. ஒண்டிக்கட்டையா விட்டுட்டா போவே?”

டுவேன் காபியைப் பார்த்தான். “அவங்களும் வர்றாங்க” என்றான்.

“அப்போ நாலு.”

“ஆமா.”

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள், இந்த முறை வாய்விட்டே. பொய் இல்லை. கல்லூரி பிழைக்க வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். தன் கல்லூரி மூடிப்போவதை அவளாலும் பார்க்க முடியாது. போனவர்கள் அத்தனை பேரிடமும் இப்படி ஒரு நியாயம் இருந்தது, ஒருவர்கூட அக்கிரமக்காரர் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷமாக எல்லோருடைய கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் தேதி மாற்றி மாற்றிக் கொடுத்து ஒட்டவைத்தவள் அவள். ‘மார்லிஸுக்காக இந்த ஒரு வருஷம் இருப்போம்’ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனுக்கே தோன்றவில்லை.

சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“அக்கா, என்ன பண்றே? வார்னிஷ் இப்பதான் அடிச்சிட்டுப் போனாங்க. புதன்கிழமை வரைக்கும் ஈ எறும்பு நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கால் பதிஞ்சா அப்படியே காஞ்சு நின்னுடும்.”

காலுறைகளைச் சுருட்டிக் காலணிக்குள் வைத்தாள். இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளினாள். பிறகு எழுந்து, ஈரத்தில் காலை வைத்தாள். ஒவ்வோர் அடியும் தரையை விட மனமில்லாமல் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. டுவேன் ஓரத்திலிருந்து, “ஐயோ, அக்கா! அக்கா!” என்று கத்தினான். அவன் காலில் காலணி இருந்தது. பின்னால் வர முடியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதிர்கள் இருக்க வேண்டிய வட்டத்தின் நடுவே போய் நின்றாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். குதிகால் பதிய, விரல்கள் பத்தும் பதிய, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.