நாசில் நகராது என்றார்கள்

குழாய்க்கு எங்கே வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் திட்டு வாங்குவதுதான் என் தொழில். சூடான நீராவி போனால் குழாய் நீளும். நீண்டு, தான் போய்ச் சேரும் வெசலைத் தள்ளும். வெசல் என்றால் அழுத்தத்தில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலன். குழாய் வந்து சேரும் அதன் மூக்குக்கு நாசில் என்று பெயர். அந்த மூக்கு எவ்வளவு தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வாழ்க்கையைத் தொலைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

முதலில் எங்கள் குழாய்

சென்னை ஆபீஸ் வேலையை மலைமேல் ஆலத்தூர் நாட்டில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஒருநாள் சிக்னலுக்காக லேப்டாப்போடு மிளகுக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். குழாய் உடையாமல் இருக்கக் கணக்குப் போடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "ஏனுங்கம்மணி, நம்மூரு தண்ணிக் கொழா ஒடஞ்சு ஒரு மாசமாச்சுங்க, மொதல்ல அதுக்கு ஒரு கணக்குப் போடுங்க."

அது எங்கே போகும்

அடிவாரத்தில் ஒரு கிழங்கு மாவு ஆலையில் புது வெசல் நிறுத்தினார்கள். அதன் குழாய்க் கணக்கு என்னிடம் வந்தது. என் தம்பி அங்கே ஆபரேட்டர். நீராவி வால்வைத் திருக அவன் நிற்கப்போகும் மேடை, நாசிலுக்கு நேர் கீழே.

வெசல் மூன்று மாடி உயரம். சூடானால் அதுவும் வளரும், நாசிலும் மேலே ஏறும், குழாயையும் சேர்த்து இழுக்கும். எவ்வளவு ஏறும் என்று தெரிய வெசலின் வரைபடம் வேண்டும். எங்கள் மேனேஜரோ, வரைபடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நாசில் அசையாத பாறை என்று வைத்துக் கணக்கை முடியுங்கள் என்றார். சூடானால் ஏறுமே சார் என்றேன். "மேடம், அடியில போல்ட் போட்டு நிக்கிற வெசல், அது எங்க போயிடப்போவுது?"

ஒரு சுவர், இரண்டு கனம்

சண்டை போட்டுத்தான் வரைபடத்தை வாங்கினேன். உண்மையான ஏற்றத்தைக் கொடுத்ததும் நாசில் மேல் விழும் பளு, அனுமதித்ததைப் போல் இரண்டு மடங்கு. திரையில் சிவப்பு. வெசல் சுவரும் கொஞ்சம் நெகிழும், அது நியாயம்தான். அதையும் உள்ளது உள்ளபடி கொடுத்தேன். பளு குறைந்தது, சிவப்பு போகவில்லை.

உதவிக்கு என்று ஆபீசிலிருந்து இன்னொரு இன்ஜினீயர் வந்தார். நெகிழ்வதற்கு மெல்லிய தகடு, தாங்குவதற்குக் கனத்த தகடு என்று ஒரே சுவருக்கு இரண்டு கனம் கொடுத்தார். பச்சை வந்துவிட்டது! இது மோசடி இல்லையா என்று கேட்டேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "கிளைண்டுக்குப் பச்சை வேணும், குடுத்தாச்சு, அடுத்த வேலையப் பாருங்க மேடம்."

வேறு ஷிஃப்ட்

குழாயில் ஒரு பெரிய வளைவு வைத்தால், நீளுவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும், நாசில் பிழைக்கும். ஆனால் நேர்க்குழாயை ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். அந்தப் பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வெல்டிங் கிழிந்தால் நீராவி நேராக என் தம்பி தலையில் இறங்கும் என்று போனில் கத்தினேன். யாரிடமும் அப்படிக் கத்தியவள் இல்லை நான். மேனேஜர் முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "உங்க தம்பிக்கு வேணா வேற ஷிஃப்ட் கேட்டுப் பாருங்க மேடம்."

டீக்கடையில்

வேலையை என்னிடமிருந்து பிடுங்கி அந்த இரண்டு கனத்துக்காரரிடமே கொடுத்தார்கள். மறுநாள் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு, ஆலை இருக்கும் முள்ளுக்குறிச்சியில் போய் இறங்கினேன். டீக்கடையில் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் லீவு போட்டுவிடு சாமி என்று கெஞ்சினேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு என்னை முறைத்தான். "நான் போவாட்டி அங்க இன்னொருத்தன்தானக்கா நிப்பான், அவனுக்கு ஊட்டுல அக்கா இல்லியா?"

நம்ம ஆபீஸ்

அவனும் கூட வேலை செய்கிறவர்களும், வளைவு வைக்கும்வரை வால்வைத் தொடமாட்டோம் என்று ஆலை முதலாளி முன்னால் போய் நின்றார்கள். அவர் குதித்தார், வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார், கடைசியில் குழாயை அறுத்து வளைவு வைத்தார். கணக்கு என்னிடமே திரும்பி வந்தது, சுவரின் உண்மையான கனத்தோடு மறுபடி ஓட்டினேன். பொய்யில்லாத பச்சை. அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் சிரித்தார். "நாம எடுத்துச் சொன்னா கிளைண்ட் கேக்காம இருப்பாங்களா மேடம்?"

என் கணக்கு சரி என்று ஒத்துக்கொள்ள எங்கள் ஆபீசில் ஒருவரும் இல்லை, அதைத் தாங்கள் போட்டதாக ஒத்துக்கொள்ளத்தான் அத்தனை பேரும் இருக்கிறார்கள்.