தலை தீபாவளிக்கு ஒரு கேரவன் ஷவர்

பைப் வேலைக்காக எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். சக்கரம் வைத்த வீட்டுக்குள் குளியலறை கட்டியது ஒரே ஒரு முறைதான். இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பிகள் போனில் வீடியோ பார்த்தே பாதி கற்றுக்கொள்கிறார்கள். நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

1. சக்கரம் உண்டு, பாத்ரூம் இல்லை

திகாம் பத்து என்ற ஊரில் செல்வம் அண்ணன் வீடு. அவர் பல வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டைப் பெரிதாக்கக் கிளம்பிவிட்டார். நான் போனபோது வீட்டின் பின்பக்கம் முழுவதையும் இடித்துப் போட்டிருந்தார்கள். குளியலறையும் அதில் போய்விட்டது. தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன காண்ட்ராக்டர், சுவர் பாதி எழும்பியதும் வேறு சைட்டுக்குப் போனவர்தான், போனை எடுப்பதே இல்லை.

வாசலில் மாமரத்துக்குப் பக்கத்தில் அந்த கேரவன் நின்றது. அலுமினியத் தகடு போட்டு, மூலைகள் எல்லாம் உருண்டையாக, கவிழ்த்துப் போட்ட ரொட்டி டப்பா மாதிரி இருந்தது. கோலா கெத்தில் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் அந்தக் காலத்தில் கப்பலில் வரவழைத்ததாம். அவர் ஊருக்குப் போன பிறகு ஸ்டோர் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது. கொட்டகையைக் காலி செய்தபோது அண்ணன் வாங்கி, நண்பரின் லாரியில் கட்டி இழுத்து வந்துவிட்டார். வீடு முடியும்வரை குடும்பம் அதில்தான் தூங்கியது.

"என்ன தம்பி பாக்குறீங்க? எப்பிடி இருக்கு நம்ம பங்களா?" என்றார்.

எனக்குப் புது மனிதர்களிடம் சட்டென்று பேச்சு வராது. "சக்கரம் இருக்குண்ணே" என்றேன்.

"சக்கரம் இருக்கு லா. பாத்ரூம்தான் இல்ல. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஓட்டல்ல வச்சிருக்கான் பாருங்க, அந்த மாதிரி ஒரு ஷவர் வேணும்."

தகரக் கூரைக்குக் கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பத்மா அக்கா தலையை நிமிர்த்தாமலே பேசினார். "பங்களாவாம் பங்களா! துண்டத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுறது நான். இவரு பங்களாவுக்குள்ள கால நீட்டிக்கிட்டு பேப்பர் படிப்பாரு."

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு இதுதான் மொதத் தீபாவளி. மாப்பிள்ள வர்றாரு. தலை தீபாவளிக்கு வர்ற மாப்பிள்ளைய, எண்ணெ தேச்சுக் குளிக்கப் பக்கத்து வீட்டுக்கா அனுப்ப முடியும்? சம்பந்தி காதுல விழுந்தா நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

அண்ணனுக்கு ஷவர் ஓர் ஆசை. அக்காவுக்கு அது மானப் பிரச்சினை. அது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தீபாவளி அதிக தூரத்தில் இல்லை.

2. டைல்ஸ் வேண்டாம்

கதவுக்குப் பக்கத்தில் துணி மாட்டும் அலமாரி ஒன்று இருந்தது. ஓர் ஆள் நிற்கலாம், கொஞ்சம் திரும்பலாம். அதைத்தான் குளியலறை ஆக்க வேண்டும். தரைப் பலகையை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல பலகை டக்கென்று சத்தம் கொடுக்கும். இது ஊறிப்போன பிஸ்கட் மாதிரி சத்தமே இல்லாமல் உள்ளே போனது. எல்லாவற்றையும் பிடுங்கினேன். வீட்டை இடித்ததில் கிடைத்த கெட்டிச் சட்டங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை அறுத்து அடியில் கொடுத்து, மேலே புதுப் பிளைவுட் அடித்தேன்.

செல்வம் அண்ணன் ஒரு பெட்டி டைல்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்டு பாத்ரூமுக்கு வாங்குனது தம்பி. இதையே இங்கயும் ஒட்டிருவோம். ரெண்டும் ஒரே கலரா ஜோரா இருக்கும்."

நான் கீழே இறங்கி, ஒரு கோப்பையில் தண்ணீர் நிரப்பி உள்ளே பலகைமேல் வைத்தேன்.

"உள்ள நடங்கண்ணே."

அவர் நடந்தார். அவர் கொஞ்சம் கனமான ஆள். வண்டி ஸ்பிரிங்கில் ஆடியது. கோப்பைத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

"சரி சரி, வெடிச்சிரும். புரிஞ்சுபோச்சு" என்று டைல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆடுகிற சுவரில் டைல்ஸ் நிற்காது. பிவிசி பேனல் ஒட்டி, மூட்டுகளில் சிலிக்கான் அடித்தேன். அது வண்டியோடு சேர்ந்து ஆடும்.

அடுத்தது ஷவர் டிரே, அதாவது நாம் நிற்கிற தொட்டித் தரை. சுங்கை பட்டாணி டவுன் கடைகளில் இவ்வளவு சின்ன அளவில் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் பைபர் படகு ரிப்பேர் செய்யும் ஒரு பாக்சிக்கிடம், அதாவது மலாய்ப் பெரியவரிடம், போனேன். நான் அட்டையில் வெட்டி எடுத்துப் போன அளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படகுல தண்ணி உள்ள வரக் கூடாது. உங்களுக்கு வெளிய போகக் கூடாது. அவ்வளவுதானே? போலே, போலே" முடியும் முடியும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அழகாகச் செய்து கொடுத்தார். விளிம்பு மட்டும் நான்கு விரல் உயரம்தான். அதற்குமேல் வைத்தால் அலமாரிக் கதவு இடிக்கும்.

தண்ணீர் வெளியேறுவதற்கு ஒன்றேகால் இஞ்ச் பைப் போட்டேன். கீழே சக்கர அச்சுக்கும் வண்டித் தரைக்கும் நடுவில் அதைவிடப் பெரிய பைப் நுழையவில்லை. நாற்றமும் கரப்பானும் மேலே வராமலிருக்க ஒரு டிராப்பும் வைத்தேன். வளைந்த குழாய் அது, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். ஷவருக்கு இதெல்லாம் தாராளம்.

3. ஹீட்டர் பெட்டிக்குத் திரும்பியது

எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று அண்ணன் புது ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தார். வயர்மேனைக் கேட்டோம். தனி லைன் இழுத்து, ஒழுங்காக எர்த் கொடுக்காமல் அந்த அலுமினிய வண்டிக்குள் ஹீட்டர் கூடாது, தீபாவளி முடிந்துதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

"சும்மா ஒரு பிளக் போட்டா என்ன? ஒரு காலைக்குத்தானே?" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் நான் பேசிய பெரிய பேச்சு இதுதான்: "அண்ணே, சுத்தி அலுமினியம். உள்ள தண்ணி. அதுல கரண்ட். நிக்கப்போறது மாப்பிள்ள."

அண்ணன் ஹீட்டரைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார்.

"அடுப்புல சுட வச்சு வாளியில ஊத்திக் குடுத்துட்டுப் போறேன். இதுக்குப் போயி!" என்றார் அக்கா. பிரச்சினை தீர்ந்தது என்று மூன்று பேருக்கும் சந்தோஷம். ஷவருக்காகச் செய்த தொட்டியில் வாளியும் காயோங்கும் வைத்துக் குளித்தால் என்ன ஆகும் என்று மூன்று பேரில் ஒருவரும் நினைக்கவில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றும் காயோங் இல்லாமல் நம் வீடுகளில் யார் குளிக்கிறார்கள்?

அண்ணன் பச்சைத்தண்ணீரில் ஷவரைத் திறந்து குளித்துப் பார்த்தார். உள்ளே பாட்டு வேறு. தண்ணீர் சரசரவென்று இறங்கியது. நானும் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4. அசையாதீங்க மாப்பிள்ள

தீபாவளியன்று விடியும் நேரம். என் மனைவி எனக்குத் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து முடித்திருந்தாள். போன் அடித்தது. பத்மா அக்கா.

"தம்பி, மாப்பிள்ள உள்ள நிக்கிறாரு. தண்ணி எறங்க மாட்டேங்குது. விளிம்பு வரைக்கும் வந்துருச்சு!"

"குளிச்சிட்டாவது போங்க" என்றாள் மனைவி. நேரமில்லை. நல்லவேளை, பக்கத்துக் குடியிருப்புதான். எண்ணெய்த் தலையில் ஹெல்மெட் நிற்காமல் மூக்குவரை வழுக்கிக்கொண்டே வந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினேன்.

வாசலில் பெரிய கோலம். கேரவனைச் சுற்றிக் குடும்பமே நின்றது. அண்ணன் துண்டோடும், மகள் கணவரின் புது ஜிப்பாவோடும், அக்கா கையில் இன்னொரு வாளிச் சுடுதண்ணீரோடும்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் வந்தது. "அத்த, கண்ணு எரியுது. நான் ஷாம்பு போட்டுக் கழுவிட்டு வெளிய வந்துரவா?"

"ஷாம்புவா? தலை தீபாவளிக்கா? அப்பிடியே நில்லுங்க மாப்பிள்ள, அசையாதீங்க!"

"ஏன் அசையக் கூடாது அத்த?"

"அசைஞ்சா அல அடிக்குது மாப்பிள்ள" என்றார் அண்ணன் சோகமாக.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மருமகனுக்குக் குறை வைக்கக் கூடாது என்று அக்கா ஒரு கிண்ணம் நிறைய நல்லெண்ணெயும், ஒரு சொம்பு நிறையக் கரைத்த சீயக்காயும் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளையும் மரியாதைக்கு எல்லாவற்றையும் தேய்த்திருக்கிறார். அது அத்தனையும் என் ஒன்றேகால் இஞ்ச் டிராப்பில் போய்க் களி மாதிரி உட்கார்ந்துவிட்டது. மேலே வாளித் தண்ணீர். வண்டி ஓர் ஆட்டம் ஆடினால் நான்கு விரல் விளிம்பைத் தாண்டி, குடும்பம் படுக்கிற மெத்தைக்குப் போய்விடும்.

"பக்கத்து வீட்டுல கேக்கவா?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார்.

அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிறகு நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

டிராப்பின் நட்டைப் பிடித்தால் கை வழுக்கியது. துடைத்தேன். தலையிலிருந்து எண்ணெய் வழிந்து மறுபடி வழுக்கியது. பெரிய ஸ்பேனரை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

"கோலமாவு இருந்தா குடுங்க" என்றேன் கீழேயிருந்து.

"இப்ப எதுக்குங்க கோலம்?" என்று மகள் கேட்டார்.

"கைக்கு."

டப்பா வந்தது. இரண்டு கையிலும் மாவை அப்பிக்கொண்டு நட்டைப் பிடித்தேன். இந்த முறை பிடி கிடைத்தது. திருகினேன். நட்டு கழன்றது. டிராப் கழன்றது. அதற்குப் பிறகு மேலே இருந்த அத்தனையும் என் முகத்திலும் நெஞ்சிலும் இறங்கியது. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

டிராப் இல்லாமல் தண்ணீர் நேரே மண்ணில் விழுந்து, வாழை மரத்துப் பக்கம் ஓடத் தொடங்கியது.

"ஊத்துங்க மாப்பிள்ள! இப்ப ஊத்துங்க!" என்று கத்தினேன். ஒரு கஸ்டமர் வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மேலே காயோங் சத்தம் கேட்டது. சளார், சளார் என்று விடாமல் ஊற்றினார். நான் புரண்டு வெளியே வருவதற்குள் பாதி அருவி என்மேல்தான் விழுந்தது. அக்கா கதவு வழியாக அடுத்த வாளியை நீட்டினார். "நல்லா தேச்சுக் குளிங்க மாப்பிள்ள, அவசரமே இல்ல!"

5. உள்ளே போய் நின்றேன்

மாப்பிள்ளை பளபளவென்று வெளியே வந்தார். புது ஜிப்பா போட்டு, மாமனார் மாமியார் காலில் விழுந்தார். அக்கா திருநீறு பூசிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்தேன்.

"நீங்க எங்க போறீங்க?"

"வீட்டுக்குக்கா."

"இந்தக் கோலத்துலயா? உங்க வீட்டுக்காரி வாசல்ல விடுவாளா? உள்ள போங்க. தண்ணி சூடா இருக்கு."

வேண்டாம் என்று தலையாட்டிப் பார்த்தேன். அண்ணன் இடுப்பில் கட்ட ஒரு கைலிச் சாரமும் துண்டும் என் தோளில் போட்டுவிட்டார். அந்தக் குடும்பமே வெளியில் நிற்க, நான் உள்ளே போய்க் குளித்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ஷவர் மாட்டியிருக்கிறேன். நான் மாட்டிய இடத்தில் நானே குளித்தது அன்றைக்குத்தான்.

வாளியை வைத்தால் கால் வைக்க இடமில்லை. காலை வைத்தால் வாளிக்கு இடமில்லை. காயோங்கைத் தலைக்குமேல் தூக்கினால் முழங்கை பேனலில் இடித்தது. தண்ணீர் திறக்கும் பைப்பை ஷவருக்குத் தோதாக மார்பு உயரத்தில் வைத்திருந்தேன், வாளியில் தண்ணீர் பிடித்தால் பாதி வெளியில் தெறித்தது. ஈரச் சாரத்தை மாட்ட ஓர் ஆணி கூட இல்லை. அந்த மாப்பிள்ளை இதில் அவ்வளவு நேரம் ஒரு குறை சொல்லாமல் நின்றிருக்கிறார். நல்ல பிள்ளை.

வெளியே வந்ததும் அக்கா முறுக்குத் தட்டை நீட்டினார். "எப்பிடித் தம்பி இருக்கு பாத்ரூம்?"

"வாளி வைக்க இடமில்லக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முறுக்கு ஆடியது. "அத நான் மொத நாளே சொல்லிருப்பேனே. வாளி இல்லாம எங்க வீட்டுல யாரு குளிப்பா? நீங்க கேக்கவே இல்லையே!"

உண்மைதான். அண்ணனிடம் எந்த மாதிரி ஷவர் என்று கேட்டேன். அலமாரியை அளந்தேன், அச்சை அளந்தேன். குளிக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்களிடம் பேசக் கூச்சம், அதிலும் குளியலைப் பற்றி எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்த பிறகு போய் எல்லாவற்றையும் மாற்றினேன். தண்ணீர் வெளியேறும் பைப்பை அச்சுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோய் இரண்டு இஞ்ச் போட்டேன். சீயக்காய்ச் சக்கையைப் பிடிக்க, கையால் எடுத்துக் கழுவுகிற மாதிரி ஒரு வலை வைத்தேன். வாளிக்கு முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, அதற்குமேல் தாழ்வாக ஒரு பைப். சாரத்துக்கு ஓர் ஆணி. அக்கா பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடத்தில்தான் அடித்தேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், பைப்பில் பசை தடவுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, "நீங்க எப்பிடிக் குளிப்பீங்க?" என்று கேட்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாடாங் செராயில் ஒரு வீட்டுக்காரர், "என்ன கேள்வி இது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். கேட்கும்போது எனக்கு இன்னும் காது சூடாகிறது, தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறேன். ஆனால் பதில் வரும்வரை பசை டப்பாவின் மூடியைத் திறப்பதில்லை.