நான்கு பேரில் ஒருவர்

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஜெயசுதாவின் படம் வந்த அன்று, கச்சிராயபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் காலைக் கூட்டத்திலேயே கைதட்டினார்கள். கள்ளக்குறிச்சியில் ஓர் இலக்கிய அறக்கட்டளை வட்டார வரலாற்று நூல்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. இந்த ஆண்டு அது அவள் எழுதிய நெடுங்கரை ஊர் வரலாற்றுக்கு. அதே ஊர்க்காரரான பள்ளித் தாளாளர் தீனதயாளன் மைக்கைப் பிடித்து, "நம்ம டீச்சர், நம்ம ஊர் வரலாறு. ஃபங்ஷனுக்கு நானும் போய் முன்வரிசையில உக்காரப்போறேன்" என்றார். ஜெயசுதா சிரித்தாள். ஆனால் அந்த முன்வரிசையில் அவர் இருக்கக் கூடாதே என்றுதான் நினைத்தாள்.

நெடுங்கரை அவள் பிறந்த ஊர். அம்மா சின்னப்பொண்ணு அங்கே வயல் கூலிக்குப் போனவள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். சின்னப்பொண்ணு சிறுமியாக இருந்தபோது ஓர் அறுவடையில், கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று கீழத்தெருக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கதிர் முற்றிச் சாய்ந்தது. ஒரு பின்மதியம் கீழத்தெருக் குடிசைகள் வரிசையாக எரிந்தன. யாரும் சாகவில்லை, ஆனால் உடுத்திய துணியைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலையேறியவர்களுக்கு அங்கிருந்த ஒரு சிற்றூர் மக்கள் இடம் கொடுத்து, மழைக்காலம் வரை சாமைக்கஞ்சி ஊற்றினார்கள்.

எங்கும் எழுதப்படாத இந்தக் கதையை, விடுமுறைகளில் மலைக்கும் ஊருக்கும் அலைந்து ஜெயசுதா எழுதியிருந்தாள். நடுவர்கள் பாராட்டியதும் இந்த அத்தியாயத்தைத்தான். தீ வைக்க ஆள் அனுப்பியவர் என்று அதில் ஒரு பெயர் இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய பண்ணைக்காரர் ஒருவரின் பெயர். அவருடைய மகன் சுப்புராயன் இன்னும் நெடுங்கரையில் இருக்கிறார்.

அன்று மாலை பள்ளி விட்டதும் கணவன் சுபாஷ் போனில் அழைத்தான். கரும்பு லாரி ஓட்டுகிறவன், நடுவழியில் நிறுத்திவிட்டுப் பேசினான்.

"சுப்புராயன் வூட்லருந்து ஆள் வந்துச்சாம். உன்ன வந்து பாக்கச் சொன்னாராம்."

"இன்னாத்துக்கு?"

"தெரியல. பேப்பரக் கையில வெச்சிக்கினே உக்காந்திருக்காராம்."

வீடு போய்ச் சேர்வதற்குள் அறக்கட்டளைச் செயலாளரும் அழைத்தார். "சுப்புராயன்னு ஒருத்தர் உங்க நம்பர் கேட்டாருங்க மேடம். அந்த நெருப்பு விஷயமாம். கேஸ் கீஸ் ஒண்ணும் வராதில்ல? வந்தா கமிட்டி யோசிக்க வேண்டியிருக்கும்."

"வராதுங்க" என்றாள். எதை நம்பிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். சுபாஷ் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை இருவரும் பைக்கில் நெடுங்கரைக்குப் போனார்கள். ஏதாவது தகராறு என்றால் உடனே கிளம்ப வேண்டும் என்று சுபாஷ் வண்டியைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பண்ணை வீட்டின் முன்பாதி உரமூட்டைக் குடோனாக வாடகைக்குப் போயிருந்தது. பின்பக்கம் தகரக் கொட்டகையின் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் சுப்புராயன் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கும் வயது, கண்ணில் பார்வை மங்கியிருந்தது.

"சின்னப்பொண்ணு மவதானே? உக்காரு" என்றார். "பேத்தி வந்திருந்தப்ப உன் புக்கப் படிச்சுக் காட்டுச்சு. எங்கப்பா பேரப் போட்டிருக்க."

"ஆமாங்க" என்றாள்.

"பொய்யின்னு சொல்லக் கூப்புடல. நடந்ததுதான். எங்க களத்து மேட்டுலதான் பேசினாங்க. எல்லாருக்கும் நான்தான் மோர் கொண்டுபோய்க் குடுத்தேன். ஆனா அன்னிக்கு உக்காந்து பேசினது நாலு பேரு. மீதி மூணு பேரு எங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உங்கம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. ஒரே சாட்சியா இருந்துச்சுங்க, அதான் விட்டுட்டேன்."

"எங்கப்பாவுக்கு மட்டும் எத்தினி சாட்சி இருந்துச்சு?"

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நெலம் போச்சு. புள்ளைங்க மெட்ராஸ் போய்ட்டானுங்க. கேக்க ஆளில்லாத வூடு, எழுதிட்ட. தீனதயாளன் தாத்தா பேர எழுதுவியா? அவன் ஸ்கூல்ல வேல பாத்துக்கினு எழுத முடியுமா உன்னால?"

அது உண்மை. நான்கு பெயர்களையும் அம்மா சொல்லி ஜெயசுதா எழுதி வைத்திருந்தாள். அச்சுக்குப் போகும்போது மூன்றை எடுத்தாள். தாளாளரின் தாத்தா பெயரை மட்டும் எடுத்தால் நன்றாக இருக்காது என்று மற்ற இரண்டையும் சேர்த்து எடுத்தாள். ஒரு சாட்சி போதாது என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜெயசுதா நிமிர்ந்து, "நீங்க சொன்னதா எழுதலாமாங்க?" என்று கேட்டாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "எழுது. போன்ல பதிஞ்சுக்க, சொல்றேன்."

பெயர்களைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மூன்று குடும்பங்களும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

பதிவு கைக்கு வந்தபிறகு ஜெயசுதாவின் பயம் அதிகமாயிற்று. இனிமேல் சாட்சி இல்லை என்று சொல்ல வழியில்லை. பள்ளி வாசலில் அவளுடைய படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஏறியிருந்தது, ஓரத்தில் தீனதயாளன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள்.

விழாவுக்கு முதல்நாள், மகளுக்குப் புதுப்புடவை எடுத்துக்கொண்டு சின்னப்பொண்ணு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கம் எது என்று கேட்டு, விரலை வைத்துப் பார்த்தாள்.

"நாலு பேரும் இதுல இருக்கானுங்க இல்ல?"

"ஒருத்தருதாம்மா இருக்காரு."

"ஏன்?"

"பயந்துட்டேம்மா."

சின்னப்பொண்ணு புத்தகத்தை மூடி வைத்தாள். "உங்கிட்டச் சொன்னப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜெயசுதா சுபாஷைப் பார்த்தாள். "வேல போனாப் போவட்டும்னு என்னால சொல்ல முடியாது. பொண்ணு காலேஜ் போவணும்" என்றான் அவன். அதோடு, "ஆனா நாளைக்கு மேடையில அதப் பேசாம வந்தன்னா உங்கூட வூட்ல இருக்க முடியாது போலருக்கு. இப்பவே மூணு நாளா உப்புக் கொழம்பு" என்றான்.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் விழா நடந்தது. சொன்னபடியே தீனதயாளன் முன்வரிசையில், போர்த்திய பொன்னாடையோடு இருந்தார். ஜெயசுதா எழுதிக் கொண்டுவந்த நன்றியுரைத் தாளை மடித்து வைத்துவிட்டாள். அதைப் பார்க்காமலேயே பேசினாள்.

"இந்தப் புத்தகத்துல ஒரு குறை இருக்குது. அம்மா எனக்கு நாலு பேர் பேரச் சொன்னாங்க. நான் ஒருத்தர் பேரத்தான் எழுதினேன். அந்தக் குடும்பத்துக்கு இப்ப செல்வாக்கு இல்ல, அதனால துணிஞ்சு எழுதிட்டேன். மத்தவங்கள எழுதப் பயந்தேன். இப்ப ரெண்டாவது சாட்சியும் கெடச்சிருக்குது."

மூன்று பெயர்களையும் சொன்னாள். கடைசிப் பெயரைச் சொல்லி, "இவர் எங்க பள்ளித் தாளாளரோட தாத்தா" என்று அவசரமாகச் சொன்னாள். மறுபடியும் தெளிவாகச் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. செயலாளர் பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். பின்வரிசையிலிருந்து சின்னப்பொண்ணு எழுந்து நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீனதயாளன் எழுந்து போகவில்லை. கூட்டம் முடிந்ததும் அருகில் வந்தார்.

"எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாமே டீச்சர். மேடையிலதான் சொல்லணுமா?"

"சொன்னா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தேன் சார்."

"சொல்லியிருப்பேன்" என்றார். பொன்னாடையை எடுத்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கமிட்டி இரண்டு முறை கூடி, விருதைத் திரும்பப் பெறுவதில்லை, அடுத்த பதிப்பில் திருத்தம் வர வேண்டும் என்று முடிவு செய்தது. திருத்தம் வந்தது. நான்கு பெயர்களும், அவற்றைச் சொன்ன இரண்டு பேரின் பெயர்களும் அச்சாகின. லாரிக் கண்ணாடியை யாராவது உடைப்பார்கள் என்று சுபாஷ் பல வாரங்கள் அதை வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். யாரும் உடைக்கவில்லை. பள்ளியில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் மட்டும் விழா முடிந்த திங்கட்கிழமையே இறங்கியிருந்தது. கோடை விடுமுறையில் மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் அடுத்த ஆண்டுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஜூன் மாதம் சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனாள். தலைமை ஆசிரியை சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "விருது வாங்கினது நீங்கதானா? பேப்பர்ல பாத்தேன்" என்றார். வேலை கொடுத்தார். எழுந்தபோது ஒன்று கேட்டார்: "எங்க ஊரப் பத்தியும் எழுதுவீங்களா?"

ஆசையாகக் கேட்டாரா, எச்சரிக்கையாகக் கேட்டாரா என்று ஜெயசுதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பாக்கலாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.