சுவரில் விழுந்த சிவப்பு

கண்ணுகளா, இதில் நான் உப்பு காரம் எதுவும் கூட்டவில்லை. அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது. சொல்லி முடித்தபோது என் கையில் அவளுடைய நாலு விரலும் பதிந்திருந்தன. நடந்தது பட்டப்பகலில். பகல்தானே, என்ன பயம் என்று நினைப்பவர்கள், விளக்கை வேண்டுமானால் போட்டுக்கொண்டே படியுங்கள்.

அவளுக்குக் கார் கழுவும் ஷெட்டில் வேலை. வெளிப்பக்கம் கழுவுகிறவரைத் தண்ணி அண்ணன் என்பார்கள். வண்டிக்குத்தான் அடிப்பாரே தவிர, வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர். உள்பக்கம் முழுக்க இவள் பொறுப்பு. டேஷ்போர்டு, கதவு, சீட் எல்லாவற்றுக்கும் பாலிஷ் ஸ்ப்ரே போட்டுத் துடைப்பாள். அது போட்டால் வெயிலில் வெளுக்காது, வெடிக்காது. இவள் கை பட்ட பழைய வண்டி, வயதைப் பத்து வருஷம் குறைத்துச் சொல்லும். அதனால் இவளுக்கு மினுக்கி என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலிதான். இவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

அன்று அவள் வேலைக்கு வரும்போதே ஒரு வெள்ளி நிறக் கார், பின்பக்கம் சுவரை ஒட்டி, ஷெட்டுக்குள் நின்றது. விற்பனைக்கு வந்த பழைய வண்டி. தரகர் காலையிலேயே கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். தண்ணி அண்ணன் வெளியே கழுவி முடித்துவிட்டார். வாங்கப்போவது யார் தெரியுமா? மினுக்கியின் சொந்தத் தங்கை குடும்பம். தரகர் பேச்சை நம்பி, நல்ல வண்டி ஒன்று வந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லிவைத்ததே இவள்தான். ஐந்து மணிக்கு வருவார்கள். இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அப்படியே ஓட்டிப்போவதாக ஏற்பாடு.

2.05. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மினுக்கி ஷட்டரை இறக்கினாள். பாலிஷ் ஈரம் காய்வதற்குள் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் எப்போதும் மூடிக்கொண்டுதான் வேலை. உள்ளே ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் முன்பக்கம். கார் கதவைத் திறந்தாள். உள்விளக்கு எரியவில்லை. பழைய வண்டி, பல்பு போயிருக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஸ்டீயரிங்கில் பாலிஷ் போடக்கூடாது. காலால் மிதிக்கிற பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டிலும் போடவே கூடாது. போட்டால் பளபளக்கும், ஆனால் கை வழுக்கும், கால் வழுக்கும். அவற்றை வெறும் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். மினுக்கி அப்படித்தான் செய்தாள். மூன்று வருஷமாக அப்படித்தான் செய்துவருகிறாள்.

2.20. முன்பக்கம் முடிந்தது. பின்சீட்டில் ஏறி, கதவு உள்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டக்.

சூடு ஆறினால் பிளாஸ்டிக் இப்படிச் சத்தம் போடும். அவள் நிமிரவில்லை.

டக்... சர்ர்க்.

இப்போது நிமிர்ந்தாள். பின் கண்ணாடி வழியாகச் சுவர் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அது சிவப்பாக இருந்தது.

பிரேக் லைட்.

சாவி போடாவிட்டாலும் பேட்டரியிலேயே எரியும், ஆனால் யாராவது பிரேக்கை மிதித்தால்தான். வண்டிக்குள் இவளைத் தவிர யாருமில்லை. இவள் பின்சீட்டில் இருக்கிறாள்.

சிவப்பு அணைந்தது. ஸ்பிரிங் லூசாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். சொன்ன குரல் அவளுடையது மாதிரி இல்லை.

2.31. இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து, டார்ச்சைக் கீழே அடித்தாள்.

பிரேக் மெதுவாகக் கீழே இறங்கியது. டக். சுவர் சிவந்தது. உடனே, ரப்பரில் செருப்பு வழுக்குகிற சத்தம். சர்ர்க். பிரேக் மேலே வந்தது. பக்கத்தில் இருந்த ஆக்சிலரேட்டர் அடிவரை இறங்கியது.

மறுபடியும் பிரேக். சர்ர்க். ஆக்சிலரேட்டர்.

மறுபடியும்.

ஒரே வரிசை. மாறவே இல்லை. யாரோ சொல்லிப் புரியாத ஒன்றை, செய்து செய்து காட்டுவது மாதிரி.

ஓடியிருப்பாள். கால் ஷட்டர் பக்கம் திரும்பியும் விட்டது. ஐந்து மணிக்குப் பிள்ளைகள் இதே வண்டியில் ஏறும் என்ற நினைப்புதான் இழுத்துப் பிடித்தது. முன்கதவைத் திறந்து, முழங்காலிட்டு, பிரேக்கின் ரப்பரைத் தொட்டுப் பார்த்தாள்.

வழவழவென்று இருந்தது. பாலிஷ்.

சோப்புத் தண்ணீரில் அழுத்தித் துடைத்தாள். காய்ந்த துணியால் ஒற்றினாள். தொட்டாள், சொரசொரப்பு. மூச்சு விட்டாள். மறுபடி தொட்டாள்.

வழவழவென்று இருந்தது.

2.47. டார்ச் கையிலிருந்து நழுவி, டிரைவர் சீட்டுக்கு அடியில் உருண்டது. எடுக்கக் கையை விட்டாள். சீட்டுக் கம்பிக்கு இடையில் ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தாள். ஒரு மஞ்சள் துணி. விறைத்துப்போன பழந்துணி. ஓரத்தில் சிவப்பு நூலால் மடித்துத் தைத்திருந்தது.

அந்தத் தையல் அவளுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், துணி பிரியக்கூடாதென்று வீட்டில் உட்கார்ந்து தானே தைத்துக் கொண்டுவருவாள். பிறகு முதலாளி கடைத்துணி வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்படியென்றால் இந்த வண்டி ஏற்கெனவே இவள் கைக்கு வந்த வண்டி. வெள்ளி நிறத்தில் அப்போது எதுவும் வரவில்லையே... நீலத்தில் ஒன்று வந்தது. ஒரு டீச்சருடையது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார், உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாம் என்றார்.

இவளும் எல்லாவற்றுக்கும் போட்டாள். விதி அப்போது தெரியாது. நாலு நாள் கழித்துத் தண்ணி அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. பாலிஷ் தேய்ந்து போயிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். விசாரிக்கவில்லை. மூன்று வருஷமாக விசாரிக்கவே இல்லை.

தரகருக்குப் போன் செய்தாள்.

"இந்த வண்டி முன்னாடி என்ன கலர்?"

"அது எதுக்கு உனக்கு?"

"நீலமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். நீலம்தான், ஒரு டீச்சருடைய வண்டி. வாங்கிய புதிதிலேயே, ஒரு இறக்கத்தில், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் மோதிவிட்டார். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது. பிரேக்கைத்தான் மிதித்தேன், பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பதட்டத்துல மாத்தி மிதிச்சிருக்காங்கம்மா. வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்றார். இன்னமும் அவங்க மேல கோபமா இருக்கார்."

போனை வைத்தாள்.

டக்.

சுவர் சிவந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

3.10. அணையவில்லை. 3.40... அணையவில்லை. டிரைவர் சீட்டில், இப்போதுதான் மினுக்கி துடைத்து வைத்த சீட்டில், ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் விழுந்திருந்தது. அது நிமிரவே இல்லை. அவள் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த மஞ்சள் துணி.

4.40. தங்கை குடும்பம் சீக்கிரமே வந்துவிட்டது. பிள்ளைகள் ஷட்டருக்கு அடியில் புகுந்து ஓடிவந்தன. மினுக்கி எழுந்து, கார் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். இந்த வண்டி வேண்டாம் என்றாள். ஏன் என்று தங்கை வீட்டுக்காரர் நாலு விதமாகக் கேட்டார். வேண்டாம் என்பதையே திரும்பச் சொன்னாள். தங்கைக்கு முகம் சுண்டிப்போனது.

"நாங்க ஒரு கார் வாங்குறது உனக்கே பொறுக்கலையாக்கா?"

மினுக்கி துணியை நீட்டினாள்.

"மாப்பிள்ளை, இந்த வண்டியில ஒரு டீச்சர் செத்துப்போனாங்க. மாத்தி மிதிச்சிட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்ல. அவங்க மிதிச்சது பிரேக்தான். அதுல பாலிஷ் போட்டது நான். கால் வழுக்கினது என்னாலதான்."

தங்கை பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சின்னப் பிள்ளைதான் முதலில் பார்த்தது. "அம்மா, சுவத்துல சிவப்பு போயிடுச்சு."

தங்கையும் பார்த்தாள். அணைந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். சீட்டு மெல்லப் புஸ்ஸென்று காற்று இழுத்து, மேலே எழும்பிச் சமமானது.

"உள்ளே யாருக்கா இருந்தது? யார் பிரேக்கை விட்டது?"

மினுக்கி தரகருக்குப் போன் போட்டு, டீச்சர் வீட்டு முகவரியை மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலமே போய், அந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது.

4.52. ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத் தண்ணி அண்ணன் உள்ளே வந்தார். பக்கத்து அறையிலிருந்து, இரண்டு கையாலும் எதையோ கனமாகச் சுமந்துகொண்டு. காரின் பானெட்டைத் திறக்கச் சொன்னார். தங்கை வீட்டுக்காரர் திறந்தார்.

உள்ளே, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இன்ஜின் கழுவணும்னு காலையில எட்டு மணிக்கே கழட்டிட்டேன்மா," என்றார் அவர். "நாங்க ரெண்டு பேர் தள்ளித்தான் வண்டியை உள்ளே விட்டோம். பேட்டரி இவ்வளவு நேரம் என் ரூம்லதான் சார்ஜ்ல கிடந்தது."

தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை.